பெஞ்சுப் பலகையும் சிவப்புப் பலகையும்

"கண்டவங்க உட்கார்ந்த பலகை மேல நான் நடக்கணுமா?"

"உட்கார்ந்தவங்க எல்லாம் எழுந்து போயிட்டாங்க அத்தை, பலகை மட்டும்தான்..."

"நான் பேசி முடிச்சுக்கிறேன். மைதானத்துல கிடந்ததை..."

"மைதானம் இல்லை, உள்ளரங்கம். மழையே பட்டதில்லை..."

"எதுவா வேணா இருக்கட்டும். நாப்பது வருஷமா ஊரே அதுல உட்கார்ந்து, காலைத் தூக்கி வெச்சு, சூயிங்கத்தை மென்னு அடியில ஒட்டி..."

"சூயிங்கம் எல்லாம் சுரண்டியாச்சு. மொத்தம் நூத்திப் பதினேழு. எண்ணினேன்."

இந்தக் கடைசிப் பேச்சு வேண்டாததுதான். வாயை விட்டுப் போன பிறகுதான் மருமகளுக்கு அது தெரிந்தது. மாமியார் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனார், நூற்றுப் பதினேழும் அங்கேயே வந்து நிற்பதைப்போல.

காலை ஏழு மணிக்குப் பின்பக்கத் தோட்டத்தில் நடந்த பேச்சு இது. இரண்டு பேருக்கும் நடுவில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், புது மரத்தளத்தின் சட்டம் மட்டும் நின்றிருந்தது. மேலே பலகை ஏறவில்லை. எந்தப் பலகை ஏறுவது என்பதுதான் பத்து நாளாக வழக்கு.

இடப் பக்கம் பெஞ்சுப் பலகைகள். ஊருக்கு நடுவிலிருந்த பழைய விளையாட்டரங்கத்தை இடித்தபோது, பார்வையாளர் வரிசைப் பெஞ்சுகளை எரிக்கக் கொண்டுபோன லாரியை மறித்து மருமகள் வாங்கி வந்தவை. நரைத்த தலை நிறம். ஒவ்வொன்றிலும் இருக்கை எண் பெயிண்டில் எழுதியிருக்கும்.

வலப் பக்கம் தார்ப்பாயின் அடியில் சிவப்புப் பலகைகள். மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டுக்குப் போன மாதம் போயிருந்த மாமியார், அங்கே தோட்டத்தில் போட்டிருந்த சிவப்பு மரத்தளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடி மாதிரி பளபளப்பு, முகம் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சின்ன மகனிடம் சொன்னார். ஏழாம் நாள் லாரி வந்து நின்றது. சின்னவன் எப்போதுமே அப்படித்தான். எதைக் கேட்டாலும் வரும். எங்கிருந்து என்று கேட்டால் மட்டும் சிரிப்பு வரும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க," என்றார் மாமியார். "அவங்களை நான் பதினாலாம் நம்பர் சீட்டுல நிக்க வைக்க மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அந்தச் சட்டத்து மேல சிவப்புப் பலகை ஏறணும். இல்லேன்னா என் ஷெட்டைக் காலி பண்ணிக் கொடு."

"சரி அத்தை."

"எது சரி?"

"காலி பண்றேன்."

அழுகை வரும், கோபம் வரும், புருஷனுக்கு போன் போகும் என்று மாமியார் கணக்குப் போட்டிருந்தார். இது அந்தக் கணக்கில் இல்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். அதற்குப் பிறகு சமையலறையில் ஒரு பாத்திரமும் சத்தமில்லாமல் கீழே வைக்கப்படவில்லை.

ஷெட் என்றால் சும்மா ஷெட் இல்லை. கல்யாணமாகி வந்தபோது மருமகள் கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணி, மூன்று பெட்டி உளி. தச்சு வேலை தெரிந்த பெண் என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். ஆனாலும் அந்தப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய சின்னவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு அவள் 'உளி அண்ணி'. 'காரே இல்லாத வீட்டுக்கு கார் ஷெட் எதுக்கு, எடுத்துக்கோ' என்று சாவியைக் கையில் கொடுத்தவர் இதே மாமியார்தான். ஆறு வருஷம். அந்தச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, அங்கே ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். ஷெட் போனால் தொழில் போகும். வேறு இடம் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

அதிலும் இது நேரமே இல்லை. பூங்காத் துறையில் ஏரியைச் சுற்றி மர நடைபாதை போடப் போகிறார்கள். ஒரு வருஷத்து வேலை. செவ்வாய்க்கிழமை அந்தத் துறையின் பொறியாளர் அம்மா இந்தத் தோட்டத்துக்கே வந்து இந்தத் தளத்தைப் பார்க்கப் போகிறார். அவர் அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வியே, பலகை எங்கிருந்து வந்தது என்பதுதான். பெஞ்சுப் பலகைக்கு அரங்கத்தின் கடிதம் இருக்கிறது, இடித்தவரின் ரசீது இருக்கிறது. சிவப்புப் பலகைக்குச் சின்னவனின் சிரிப்பு இருக்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் மருமகள் சொல்லாமல் இல்லை. படிவத்தைக் காட்டினாள். காட்டு மரம், அது வளர நம்ம ரெண்டு பேர் வயசும் சேர்ந்தாலும் போதாது என்றாள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சம்பந்தி வீட்டுல மட்டும் அது தொட்டியில வளர்ந்ததா?' என்றார்.

ஒன்பது மணிக்கு மருமகள் ஷெட்டைக் காலி பண்ண ஆரம்பித்தாள்.

இழைப்பு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தாள். உளிகளைத் தோட்டத்துச் சுவரின் மேல் நீளமாக அடுக்கினாள். பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் இருபத்திரண்டையும் துணி காயப்போடும் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். வேலை மேசையை இழுத்து வந்து சட்டத்துக்குப் பக்கத்தில் போட்டாள். பத்தரை மணிக்கு ஷெட் சுத்தமாகக் காலி. தோட்டம் தச்சுப் பட்டறையாகியிருந்தது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"என்ன இது?"

"ஷெட்டைக் காலி பண்ணச் சொன்னீங்க. பண்ணிட்டேன். தோட்டத்தை நீங்க சொல்லலையே அத்தை."

ஜன்னல் மூடிக்கொண்டது. சரியாகப் பத்து நிமிஷம் கழித்து மாமியார் ஒரு வாளி நிறைய ஈரத் துணியோடு வந்தார். படுக்கை விரிப்புகள். துவைக்கிற நாளே இல்லை அன்று. கிளாம்புகளை ஒரு ஓரமாகத் தள்ளி, ஒவ்வொரு விரிப்பாக உதறி, கம்பி நெடுகத் தொங்கவிட்டு, கிளிப் போட்டுவிட்டுப் போனார். என் கொடி, என் துணி என்று வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மருமகள் கைப்பிடிக் காந்தத்தை எடுத்தாள். பலகையின் மேல் மெதுவாக நகர்த்தினால், உள்ளே ஆணி ஒளிந்திருக்கும் இடத்தில் அது சட்டென்று இழுக்கும். இழுத்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம். ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, அதன் பிறகு இழைப்பு. நரை உரிந்து சுருள் சுருளாக விழ, அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. நாற்பது வருஷத்துக் கைதட்டலும் கூச்சலும் கேட்ட மரம் கணுகூடத் தளராமல் இறுகிப்போயிருந்தது.

எண் எழுதிய பக்கத்தைக் கீழே திருப்பினாள். வெட்டிய முனைகளில் மெழுகு தடவினாள், தண்ணீர் நுழைவது அங்கேதான். இரண்டு பலகைக்கு நடுவில் தன் தட்டைப் பென்சிலைச் செருகி, அந்தத் தடிமனுக்கு இடைவெளி விட்டாள். எல்லாம் திருகாணி, ஒன்றுகூட ஆணி இல்லை. என்றைக்காவது யாராவது கழற்றினால் பலகை பிளக்காமல் வர வேண்டும். சட்டத்தின் கால்களும் அப்படித்தான். குழி தோண்டி கான்கிரீட் ஊற்றவில்லை. பெரிய திருகுபோன்ற இரும்புக் கால்களை மரத்தின் வேர் படாத இடமாகப் பார்த்துப் பார்த்து மண்ணுக்குள் முறுக்கி இறக்கியிருந்தாள். வேண்டாம் என்றால் திருப்பி முறுக்கினால் வெளியே வந்துவிடும், தோட்டம் பழையபடி தோட்டம்தான்.

மத்தியானத்துக்குள் மூன்று வரிசை ஏறியது. மூன்றும் பெஞ்சு.

ஒரு மணிக்குப் பெரியவன் சாப்பிட வந்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரே வேகத்தில் இரண்டு பக்கமும் திரும்புவதால் வீட்டில் அவனுக்கு 'மேசை விசிறி' என்று பெயர். உளிகளையும் விரிப்புகளையும் பார்த்தவுடனே நிலவரம் புரிந்துவிட்டது. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். பிறகு, ரெண்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கலந்து செய்த பலகை வருகிறதே, அதைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டான்.

அறுக்கும்போது அதன் தூள் இந்த மண்ணிலேயே கிடக்கும், மக்காது, பிறகு உங்கள் அம்மாவின் கீரைப் பாத்திக்குள் போகும் என்றாள் அவள்.

"சரி, நீங்க எந்தப் பக்கம்?"

"நான் சாப்பிடத்தான் வந்தேன்."

"சாப்பிட்டாச்சில்ல? உங்க கண்ணை ஒரு நிமிஷம் கொடுங்க."

தார்ப்பாயை விலக்கி ஒரு சிவப்புப் பலகையின் முனையைக் காட்டினாள். காலையிலிருந்தே அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. பலகை நெடுக வழவழப்பு. முனையில் மட்டும் சொரசொரப்பு.

பெரியவன் சட்டைப் பையிலிருந்து, லென்ஸில் கீறல் பார்க்கிற குட்டி உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டான். குனிந்து பார்த்தான். அடுத்த பலகைக்கு நகர்ந்தான். பிறகு அதற்கடுத்தது. ஏழு பலகை பார்த்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"இதுல என்னமோ எழுதியிருந்திருக்கு. நீலப் பெயிண்ட். மரத்தோட துளைக்குள்ள இன்னும் இருக்கு. யாரோ உட்கார்ந்து சுரண்டியிருக்காங்க. எல்லாத்தையும்."

அவன் இரண்டாவது பக்கம் திரும்பவில்லை. உருப்பெருக்கியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, தம்பிகிட்ட கேட்டுடு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். போகும்போது நாலாவது வரிசைக்கான பெஞ்சுப் பலகையின் ஒரு முனையைத் தானே தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் போனான். ஆறு வருஷக் குடித்தனத்தில் அது பெரிய சமாசாரம்.

ஐந்து மணிக்குச் சின்னவன் வந்தான். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே தோட்டத்துக்குள் நுழைந்தவன், எட்டு வரிசை பெஞ்சுப் பலகையைப் பார்த்ததும் சுழற்றுவதை நிறுத்தினான்.

"உளி அண்ணி, இன்னிக்கு வீட்டுல போர்னு அம்மா போன்ல சொன்னாங்க. கொடி வரைக்கும் வந்திருக்கும்னு நினைக்கலை."

அவள் திருகாணியை முறுக்கியபடியே, மரம் எங்கே வெட்டியது என்று காட்டும் குறியை முனையில் சுரண்டியது யார் என்று கேட்டாள். அவன் சிரித்தான். லாரியில் உரசியிருக்கும் என்றான். அறுபத்து நாலு பலகையிலும், இரண்டு முனையிலும், நீலம் இருந்த இடமாகப் பார்த்து லாரி உரசியதா என்று அவள் கேட்டாள். அவன் கார்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குரலையும் அதோடு இறக்கினான்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மரம் விழுந்தாச்சு. செத்தாச்சு. நீங்க இதைப் போட மாட்டேன்னா எழுந்து காட்டுக்குத் திரும்பிப் போயிடுமா?"

கேள்வி நல்ல கேள்விதான். அவளே அதைத் தனக்குள் பல தடவை கேட்டுப் பார்த்திருந்தாள். திருகாணி முறுக்கும் கருவியைக் கீழே வைத்தாள்.

"போகாது. ஆனா சம்பந்தி வீட்டுல பார்த்துட்டு அத்தை கேட்டாங்க. இங்க பார்த்துட்டு இன்னொருத்தர் கேப்பாங்க. நீயும் இன்னொரு லாரி கொண்டு வருவே. அதுல வரப்போற மரம் இப்போ காட்டுல நின்னுட்டுத்தானே இருக்கு?"

"இதெல்லாம் பேச நல்லா இருக்கு. ஆறு மணிக்கு அம்மா வெளிய வந்தா உங்க உளியெல்லாம் எங்க போய் நிக்கும்?"

"சுவத்து மேல. இப்போ நிக்கிற இடத்துலயே."

"உங்களுக்கு வேண்டியது என்ன, அந்த பார்க் அம்மாவுக்குக் காட்ட ஒரு பேப்பர். அவ்வளவுதானே? எந்தக் கம்பெனி பேர் வேணும்னு சொல்லுங்க. நாளைக்கே அடிச்சு, ரெண்டு சீல் குத்திக் கொண்டாந்து தர்றேன். செவ்வாய்க்கிழமை அவங்க சந்தோஷமா போயிடுவாங்க. அம்மாவுக்கும் சந்தோஷம். உங்க ஷெட்டும் உங்களுக்கு."

"வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். பொய்க் காகிதத்தைக் காட்டி வாங்கின வேலையை நான் எந்த ஷெட்டுல உட்கார்ந்து செய்யட்டும்? இந்தத் தளத்துல சிவப்பு ஏறாது. ஷெட் போகட்டும். தெருவுல மேசை போட்டு இழைக்கறேன்."

அப்போது கம்பியில் ஒரு விரிப்பு அசைந்தது. காற்று இல்லை.

விரிப்பு கொடியிலிருந்து மெதுவாக இறங்கியது. பின்னால் மாமியார் நின்றிருந்தார். காய்ந்த துணியை எடுக்க வந்தவர். பற்களுக்கிடையில் ஒரு கிளிப். அதை எடுத்து வாளியில் போட்டார்.

"சீல் குத்தித் தர்றியா?"

சின்னவன், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா என்றான்.

இங்கே மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஒருமுறை மேலதிகாரியின் வீட்டிலிருந்தே ஒரு பார்சல் வந்தது. அனுப்புநர் முகவரி எழுதவில்லை. எடுத்துட்டுப் போய் எழுதிட்டு வாங்க என்று திருப்பிக் கொடுத்தார். அதற்காக ஒரு வருஷம் வேறு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். போனார், வந்தார், ஆனால் கடைசி வரை அந்தப் பார்சலை வாங்கவில்லை. இந்தக் கதையை மருமகள் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்கும் வீட்டு வாசலுக்கு எது வந்தாலும் மாமியார்தான் கையெழுத்துப் போடுவார். மணியையும் நிமிஷத்தையும் எழுதி, நகலை வாங்கி, துளை போட்டு, வருஷவாரியாகக் கோப்பில் அடுக்குவார். செருப்பு வாங்கிய சீட்டுகூட இருக்கும்.

"என் வீட்டுக்கு வந்த சரக்குக்கு எவனும் பேப்பர் அடிக்க வேண்டாம்," என்றார். "பேப்பர் இருக்கு. நானே வாங்கி வெச்சிருக்கேன்."

உள்ளே போய்க் கோப்போடு திரும்பினார். நேரே மருமகளிடம் வந்தார். நடையில் ஒரு வெற்றி இருந்தது.

"பெரிசா எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வந்ததுன்னு பத்து நாளா என்னைக் கேட்டியே. இந்தா, உன் பார்க் அம்மாகிட்ட இதைக் காட்டு. என் கையெழுத்து இருக்கு. முப்பத்து நாலு வருஷத்துல அதை ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை."

கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கவுண்டரில் படிப்பதைப்போலவே சத்தமாகப் படித்தார். தேதி. நேரம், பதினொன்று நாற்பத்திரண்டு. சரக்கு, பலகை. எண்ணிக்கை, அறுபத்து நாலு. பெறுநர், தன் பெயர், தன் முகவரி. பெற்றுக்கொண்டேன், தன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால்கூட நேராக இருந்தது.

பிறகு சீட்டின் மேல் மூலைக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

மருமகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மேலே ஒரு கட்டம். அதற்குள் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

லாரி வந்த காலை மருமகளுக்கு ஞாபகம் வந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி, வெயில் பட்டு, ஒரு மூலை ரத்தச் சிவப்பாக மின்னியது. சம்பந்தி வீட்டதை விடச் சிவப்பு என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே மாமியார் பேனாவுக்குக் கை நீட்டினார். சீட்டைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல ஒரு வாக்கியம் மருமகளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பத்து நாளாகக் காத்திருந்த வாக்கியம். அதை விழுங்கிவிட்டு, ஒரு சிவப்புப் பலகையை இழுத்து, முனையை மாமியார் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

மாமியார் அந்த முனையின் மேல் கட்டைவிரலை வைத்தார். முன்னும் பின்னும் ஒருமுறை தேய்த்தார். மேல் விலாசத்தைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டின பார்சல்கள் எத்தனை அந்த விரலுக்குக் கீழே போயிருக்கும். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரேகையில் கொஞ்சம் நீலம்.

கோப்பை மூடினார்.

"இவ பெஞ்சை நான் ஒத்துக்கிட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாம்," என்றார், யாரையும் பார்க்காமல். "நூத்திப் பதினேழும் எனக்கு ஞாபகம் இருக்கு."

எட்டாவது வரிசை பெஞ்சுப் பலகையின் மேல் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். அதை அவர் கவனிக்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை.

சின்னவன் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்திருந்தான். வாசல் பக்கம் ஒரு அடி வைத்தான்.

"நில்லு."

நின்றான். மாமியார் கண்ணாடியைக் கழற்றவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒரு ஆளைப் பார்ப்பதைப்போலவே மகனை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"அனுப்புநர் யாருடா?"